சயனைட் மேட்டுக்கு எதிரே ஒரு வேலி

கல்யாணமாகி குடியாத்தம் பக்கத்திலிருந்து நான் தங்கவயலுக்கு வந்தபோது, ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே அந்த மேடு நின்றது. அறுபதுகளின் தொடக்கம் அது. பாறையை அரைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணை அங்கேதான் வருஷக்கணக்காகக் கொட்டியிருந்தார்கள். பொன்னைப் பிரிக்கச் சயனைட் போடுவார்களாம், அதனால் சயனைட் மேடு என்று பேர். வெளுத்துப்போய், ஒரு புல்கூட இல்லாமல் கிடக்கும். பள்ளிப் புத்தகத்தில் பாலைவனத்தின் படம் பார்த்திருக்கிறேன். அதில் ஒட்டகம் இருந்தது, இங்கே ஆடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆடி பிறந்தால் அந்த மேடு எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும். தட்டிச் சுவரின் சந்துகளில் பழைய புடவையைத் திணித்து வைப்போம். அப்படியும் பாய், தலையணை, உப்பு ஜாடி எல்லாவற்றிலும் மாவு மாதிரி படியும்.

இரண்டாவது வருஷம் ஆடியில் ஒருநாள், ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன். குழம்பு ஊற்றுவதற்குள் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. தட்டு முழுக்க மண். நான் தட்டை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. நறநறவென்று மென்று சாப்பிட்டார். எனக்குக் காற்றின்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம் பெரிசு.

"எப்படிங்க துன்றீங்க இத?"

"இங்க எல்லாரும் இப்பிடித்தான் துன்றாங்க. இன்னா பண்றது?"

"எல்லாரும் துன்னட்டும். என் வூட்டுச் சோத்துல மண்ணு இருக்கக் கூடாது."

அவர் சிரித்துவிட்டுப் படுக்கப் போனார். பூமிக்கு அடியில் அவ்வளவு சூட்டில் வேலை செய்துவிட்டு வருகிற மனுஷன், அவருக்குத் தூக்கம்தான் முக்கியம். எனக்குத் தூக்கம் வரவில்லை. வாசலுக்கும் மேட்டுக்கும் நடுவில் காற்றைத் தடுக்கிற மாதிரி ஏதாவது வளர்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் பேராசைப்பட்டு அகத்தி போட்டேன். வேலிக்கு வேலி, கீரைக்குக் கீரை. முழங்கை உயரம் வந்ததும் ஆடுகள் ஒரே மத்தியானத்தில் மொட்டையடித்துவிட்டுப் போயின.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குக்காரர். தெருக்கோடிக் குழாயில் எனக்கு முன்னால் எப்போதும் அவர் குடம்தான் நிற்கும். என் செடிக்குத் தண்ணீர் போவதை அவர் முதல் நாளிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏமம்மா, குடிக்கவே நீளு லேது. நீ குச்சிக்கு ஊத்துறியா?"

"குடிக்கிற தண்ணி இல்லக்கா. அரிசி களைஞ்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி. குடிப்பியா நீ?"

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

ஐப்பசியில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. பேத்தமங்களா ஏரியிலிருந்து வருகிற தண்ணீர்தான் எங்களுக்கு. வழியில் எங்கேயோ பைப்பு உடைந்துவிட்டது என்றார்கள். குடிக்க லாரியில் வந்தது. அழுக்குத் துணி மட்டும் மலையாகக் குவிந்தது. வேறு வழியில்லாமல் அக்காவும் நானும் மூட்டை கட்டிக்கொண்டு பேத்தமங்களாவுக்கே பஸ் ஏறினோம்.

ஏரிக்கரைக்குக் கீழே வாய்க்காலில் துவைத்துக்கொண்டிருக்கும்போது, எதிர் நிலத்தின் வேலியைப் பார்த்தேன். காட்டாமணக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் வரப்புக்கு வரப்பு இருப்பதுதான். ஆடு வாய் வைக்காது. குச்சியை ஒடித்து நட்டாலே துளிர்க்கும். இத்தனை நாள் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். நிலத்துக்காரரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். வேண்டிய மட்டும் ஒடித்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஈரத்துணி மூட்டையோடு குச்சிக்கட்டையும் தூக்க முடியாமல் நான் தள்ளாடியபோது, கட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

கடப்பாரை இரவல் வாங்கி, கல் மாதிரி இறுகிக் கிடந்த தரையில் குழி போட்டு, நெருக்கமாக நட்டேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. அப்போது நான் நான்கு மாசம் முழுகாமல் இருந்தேன். "புள்ளத்தாச்சி கடப்பாரை புடிக்கிறா பாரு" என்று லைனே பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தது. குச்சிகள் துளிர்விட்டன.

மாசியில் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். யாரிடமும் ஊற்றச் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீருக்கே அடித்துக்கொள்கிற இடத்தில் எந்த வாயால் கேட்பது?

வைகாசியில் கைக்குழந்தையோடு திரும்பி வந்தேன். எல்லாம் காய்ந்திருக்கும், ஐப்பசிக்கு மறுபடி நடலாம் என்று வழியெல்லாம் மனசைத் தயார்படுத்திக்கொண்டுதான் வந்தேன். பாதிக்கு மேல் பச்சையாக நின்றது. நடுவில் சில இடத்தில் புதுக் குச்சிகள் சுத்தமாகக் காய்ந்து நின்றன. குனிந்து பார்த்தேன். எல்லாம் தலைகீழாக நட்டிருந்தது.

"யாருக்கா நட்டது?"

"உன் மொகுடுதான். ஷிப்ட் விட்டு வந்து, குளிச்ச தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துவான். செத்ததுக்குப் பதிலா புதுசு நடுறேன்னு இதையும் செஞ்சான். எது மேல, எது கீழன்னே தெரியல" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டு அண்டாவின் கழுவு நீரும் அங்கேதான் போயிருக்கிறது என்பது வேலியின் அவர் வீட்டுப் பக்க மூலையில் கிடந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்தபோது தெரிந்தது.

அந்த ஆடியில் காற்று வந்தபோது வேலி என் இடுப்பளவு இருந்தது. மண் வராமல் போய்விடவில்லை. கூரைக்கு மேலாக வந்ததை யார் தடுக்க முடியும்? ஆனால் தரையோடு சீறி வந்தது வேலியில் மோதி, அதன் காலடியிலேயே குவியலாக விழுந்தது. காலையில் எழுந்து அதை இரண்டு கூடை வாரிக் கொட்டினேன். போன வருஷமாக இருந்தால் அத்தனையும் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். குழந்தையின் தூளியை அன்றைக்குப் பயமில்லாமல் கட்டினேன்.

அந்த இரண்டு கூடை மண்ணை லைன் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஐப்பசியில் ஆறேழு பேராக பேத்தமங்களா போனோம். குச்சி ஒடித்துக் கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இத்தனை கட்டையும் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். அக்கா தன் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாங்களும் தூக்கினோம்.

லைனுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் குளிரில் பல் கிட்டியது. "நாளைக்கு நட்டுக்கலாமே" என்றார்கள்.

"மண்ணுல ஈரம் இன்னிக்குத்தான் கீது" என்றேன். இருட்டுவதற்குள் லைன் முழுக்க நட்டு முடித்தோம்.