என் முடியில் இருந்த அகில்

கரி என்று நினைத்துத்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை. சாம்பிராணி போடக் கொட்டாங்கச்சிக் கரி தீர்ந்திருந்தது. மாடி அறையைக் கூட்டப் போனபோது கட்டிலுக்கடியில் கறுப்பாக ஒரு கட்டை கிடந்தது. யோசிக்காமல் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. உடைத்துத் தூபக்காலில் போட்டுப் பற்றவைத்து, ஈரத் தலையை விரித்துப் புகை காட்டினேன்.

செங்கம் ரோட்டில் எங்கள் மாடியில் குடியிருந்தவர் வடகிழக்குக் காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டும் என்று இங்கே வந்தவர். கிரிவலம் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா எரிச்சீங்க?"

"கட்டிலுக்கடியில கெடந்த கரிங்க சார்."

படியில் உட்கார்ந்தார். "அது அகில் கட்டைம்மா. காயம்பட்ட மரத்துலதான் அந்த வாசனை ஊறும். என்னோட வச்சி எரிக்கணும்னு முப்பது வருஷமா வச்சிருந்தேன்."

வெட்கத்தில் உடம்பு கூசிவிட்டது. அவர் திட்டவில்லை.

"அந்தக் காலத்துல பொம்பளைங்க தலை காய வைக்கவும் அகில்தான், ராஜாங்க சிதைக்கும் அகில்தான். இப்ப உங்க முடியில இருக்கட்டும். போறப்ப வாங்கிக்கிறேன்."

சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் எத்தனை முறை சீயக்காய் போட்டும் அந்த வாசனை போகவில்லை. என் வீட்டுக்காரரை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "எண்ணெய் வாசனைதான் வருது" என்றார். மாடிப்படியில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டால் வாசனை ஜாஸ்தியாகும். தலை நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் சுடும். பயந்துகொண்டே இருந்தேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், குழம்பு தாளிக்கும்போது கடுகு வாசனையை மீறி அகில் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். மலைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடி சார் போய்விட்டிருந்தார். வலது கை மட்டும் எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியதுபோல் விரிந்திருந்தது.

சொந்தக்காரர்கள் வருவதற்குள் பின்னலைக் காதுக்குக் கீழே வெட்டி அந்தக் கையில் வைத்து, வேட்டியால் மூடினேன். அழுகையாக வந்தது.

சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மிச்ச முடியில் வெறும் சீயக்காய்தான் மணத்தது.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த வீட்டுக்காரர் துண்டோடு நின்றுகொண்டே இருந்தார்.

"வேலிக்காத்தான் கட்டைதான் அடுக்குனோம்" என்றார். "எங்கேருந்து அப்படி ஒரு வாசனை வந்துச்சினு தெரியல."