சங்கத்து மடிக்கணினிக்கு ஒரு பிரதம விருந்தினர்

எங்கள் ஊர் விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்பின் மடிக்கணினி, தலைவர் வீட்டு அலுமாரியில், அவருடைய மனைவியின் கூறைச்சேலைக்குக் கீழே இருந்தது. கணினியை எடுக்க வேண்டுமானால் முதலில் சேலையை எடுக்க வேண்டும். சேலையை எடுக்க வேண்டுமானால் அவருடைய மனைவி வீட்டில் இருக்க வேண்டும். மாங்குளத்திலிருந்து கிழக்கே உள்ளிறங்கும் வீதியில் உள்ள எங்கள் ஊரில் கணினி வைத்திருந்த ஒரே சங்கம் எங்களுடையது என்பதால், இந்தப் பாதுகாப்பு அதிகம் என்று யாரும் சொன்னதில்லை.

அதைத் தந்தது ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம். தந்த கையோடு நாட்டைவிட்டுப் போய்விட்டது. கையளிப்புப் படத்தில் ஒரு கூட்டமே கணினியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கைகள் தெரிகின்றன, கணினி தெரியவில்லை. சரஸ்வதி பூசைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். ஒரு வருடம் பொட்டு கமராவின் மேல் விழுந்துவிட்டது. அதன் பிறகு நாங்கள் பங்குபற்றிய காணொளிக் கூட்டங்களில், கொழும்பிலிருந்தவர்களுக்கு நாங்கள் ஒரு மஞ்சள் மூட்டமாகத்தான் தெரிந்தோம்.

நான் செயலாளர். பல காலம் பத்திரிகையில் இருந்தவன், ஆகவே எனக்கு எழுத வரும் என்று தெரிவு செய்தார்கள். கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்த இயங்குதளம் பழையதாகிவிட்டது, இனி இதற்கு ஆதரவு கிடையாது, புதியதற்கு மாறுகிறீர்களா? பதிலுக்கு இரண்டு பொத்தான்கள்: இப்போது, பின்னர். தொண்டு நிறுவனம் நடத்திய பயிற்சியில் தலைவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தெரியாததை அமத்தக்கூடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, "பின்னர்" என்பதை அமத்துவார். வருடக்கணக்காக இந்த விடயத்தில் எங்கள் கொள்கை அதுவாகத்தான் இருந்தது.

அந்த வருடம் மாரிக் காலத்துக் காலபோகச் செய்கையின்போது வந்த வெள்ளத்தில் குளத்துக்குக் கீழிருந்த பள்ளக் காணிகள் எல்லாம் அழிந்தன. மறு விதைப்புக்கு, மூன்று மாதத்தில் விளையும் விதைநெல் கொடுப்பதாக விவசாயத் திணைக்களம் அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களைச் சங்கம் இணையத்தில் பதிய வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். எங்கள் உறுப்பினரில் ஒரு பெண், கணவர் இல்லாதவர், இரண்டு ஏக்கரைத் தனியாகச் செய்பவர், திங்கட்கிழமை காலையிலேயே தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் போகத்தை விட்டால் அவருக்கு அடுத்த அறுவடை வரை வீட்டில் நெல் இல்லை. நானும் அங்கே இருந்தேன். சேலை எடுக்கப்பட்டது. கணினி திறக்கப்பட்டது. பதிவுப் பக்கம் வரவில்லை. பழைய இயங்குதளத்தில் அது திறக்காது என்று திரை சொன்னது.

"பிள்ளை, இது ஒருத்தற்றை பிழையும் இல்லை," என்றார் தலைவர். "புதுசுக்கு மாத்தவோ எண்டு லப்டொப் கேக்குது."

"அப்ப மாத்துங்கோவன்."

"இது என்ரை வீட்டுச் சாமானோ? சங்கத்தின்ரை சொத்து. கூட்டம் போடவேணும்."

"வெள்ளிக்கிழமையோடை முடியுது, தலைவர்."

"அதுதான் புதன்கிழமையே கூட்டம் வைக்கிறன்," என்றார் அவர், தன் வேகத்தில் தானே திருப்திப்பட்டவராக.

புதன்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் இறைவணக்கத்துடன் தொடங்கியது. மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, கடந்த கூட்ட அறிக்கை எல்லாம் முடிந்து கணினிக்கு வந்தபோது பாதிப்பேருக்குப் பசி வந்துவிட்டது. அந்தப் பெண் கடைசி வரிசையில், பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்தார்.

தலைவர் மாற்றத்துக்கு எதிராகப் பேசினார். "பழைய மெசினுக்குப் புதுசை ஏத்தினா தாங்குமோ? என்ரை உழவு மெசினுக்குப் புது எஞ்சின் பூட்டி என்ன நடந்தது? கியர்பொக்ஸ் உடைஞ்சுது."

"அது எஞ்சினாலை இல்லை, தலைவர்," என்றார் பொருளாளர். "நீங்கள் அதைக் குளத்துக்குள்ளை இறக்கினதாலை." பொருளாளர் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் வியாபாரி. சந்தியில் பலசரக்குக் கடையும் குளத்துக்குக் கீழே வயலும் வைத்திருந்தார். தலைவருக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

தந்தவர்களிடம் கேட்காமல் மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். அவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று நான் சொன்னேன். திரும்பி வந்ததைச் சம்மதமாக எடுப்பதா மறுப்பாக எடுப்பதா என்று கொஞ்ச நேரம் போனது.

அதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை வெளியே வந்தது. மாற்றுவதா விடுவதா என்பதில் யாருக்கும் பெரிய அக்கறை இருக்கவில்லை. "இப்போது" என்பதை அமத்தப்போகும் விரல் யாருடையது என்பதுதான் கேள்வி. நான் அமத்துகிறேன் என்றேன்.

"நீங்கள் அமத்தி ஏதும் நடந்தா, கணக்காய்வுக்கு வாறவைக்கு ஆர் பதில் சொல்றது?" என்றார் தலைவர்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: "பிரதம விருந்தினர் ஒருத்தரைக் கூப்பிடுவம். பெரிய ஆள் அமத்தினா பிறகு ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது."

எல்லா முகங்களும் தெளிந்தன. தலைவரே தன் எதிர்ப்பை மறந்துவிட்டார். இயங்குதளத்தை மாற்றுவது என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏகமனதாக நிறைவேறியது. நான் பார்த்த எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு பொருத்தமற்ற காரணத்துக்காக இவ்வளவு சரியான முடிவு எடுக்கப்பட்டதில்லை. தலைவர் அங்கிருந்தே ஓர் அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தார். அதிகாரி அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெண் எழும்பினார். "செவ்வாய்க்கிழமை அமத்தினா, வெள்ளிக்கிழமை பதிவு எப்பிடி நடக்கும்?"

"நியாயமான கேள்வி," என்றார் தலைவர். "செயலாளர், குறிப்பிலை எழுதுங்கோ."

"குறிப்பு இருக்கட்டும். உங்கட பேரெல்லாம் எப்பிடிப் பதிஞ்சனீங்கள்?"

தலைவர் கதிரையைச் சரிசெய்தார். பொருளாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போனிலை. போன கிழமை தலைவற்றை போனிலை எங்கட நிர்வாகசபை முழுக்கப் பதிஞ்சாச்சு."

செயலாளரான எனக்குப் பள்ளக் காணி இல்லை என்பதால் இது எனக்கும் புதுச் செய்தி.

"அது தனிப்பட்ட முறையிலை செய்தது," என்றார் தலைவர். "சங்கத்தின்ரை முறை வேறை."

"அப்ப என்னையும் தனிப்பட்ட முறையிலை பதியுங்கோ. உங்கட சங்கத்தின்ரை முறையை நான் குழப்பேல்லை."

முதலில் சிரித்தது பொருளாளர். "தலைவர், அவா தீர்மானத்தை எதிர்க்கேல்லை. உங்கட போனைத்தான் கேக்கிறா. குடுங்கோவன், திண்டிடமாட்டா."

தேநீருக்காகக் கூட்டம் நிறுத்தப்பட்டது. மண்டபத்தில் தலைவரின் போனில் கதைக்கலாம், இணையம் பிடிக்காது. தலைவர், அந்தப் பெண், நான் மூவரும் குளக்கட்டில் ஏறினோம். தலைவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கடவுச்சொல்லைத் தட்டினார். பிறகு போனை என்னிடம் தந்தார். பெண் தன் அடையாள அட்டையையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் காற்றில் பறக்காமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விவரங்களை அடித்தேன். பதிவு ஏற்கப்பட்டது என்று திரையில் வந்தபோது அவர் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். திரும்பி வந்தபோது எங்கள் தேநீர் ஆறவில்லை.

அதிகாரி செவ்வாய்க்கிழமை வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. அதற்குள் விதைநெல் வந்துவிட்டது. ஒருவழியாக அவர் வந்த நாளில் மண்டபத்தில் பதாகை கட்டியிருந்தது, குத்துவிளக்கு இருந்தது, பொன்னாடை இருந்தது. கணினிக்குப் புதிதாக ஒரு பொட்டும் இருந்தது. அதற்கென்று வேறு நிறுவனத்து சிம் போட்ட பொருளாளரின் போனிலிருந்து இணையம் கொடுத்தோம். அதிகாரி "இப்போது" என்பதை அமத்த, எல்லோரும் கைதட்டினோம். கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதியது.

"என்னவாம்?" என்று தலைவர் என் காதில் கேட்டார்.

"இந்த மெசின் பழசு, புதுசைப் போடேலாது எண்டு சொல்லுது."

தலைவர் திரையைக் கனிவோடு பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான்," என்றார். பிறகு எழும்பி, நன்றியுரை சொல்ல ஒருவரை அழைத்தார்.

நன்றியுரையில், புதிய தொழில்நுட்பத்தால் எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு விதைநெல் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. அதிகாரி நெகிழ்ந்துவிட்டார், அந்தப் பயனாளியோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். பயனாளி வந்திருக்கவில்லை. ஆகவே விருந்தினர், தலைவர், பொருளாளர், நான், மடிக்கணினி எல்லோரும் அவருடைய வயலுக்குப் போனோம்.

அவர் சேற்றில் நின்று விதைத்துக்கொண்டிருந்தார். தலைவர் வரம்பில் நின்று, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் கணினியை உயர்த்திக் காட்டினார். "பிள்ளை, ஒருக்கா இஞ்சாலை வந்து இதைப் பிடியுங்கோ. பேப்பரிலை வரும்."

"முளைகட்டின நெல், தலைவர். இண்டைக்கு விதைக்காட்டில் பழுதாப்போம். எடுக்கிற படத்தை எடுங்கோ, என்னை மறிக்காதேங்கோ."

விருந்தினரின் காலில் சப்பாத்து. இறங்கவில்லை. நான் எடுத்த படத்தில் அந்தப் பெண்ணின் கை நீண்டிருக்கிறது, நெல் காற்றில் நிற்கிறது, படத்தின் ஒரு கரையில் தலைவரும் கணினியும் நிற்கிறார்கள். பத்திரிகைக்கு அனுப்பும்போது, இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் கரையை வெட்டினேன். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட வயலில் மறு விதைப்பு நடக்கிறது என்று கீழே ஒரு வரி எழுதினேன். படம் வந்த பிறகு ஒரு கிழமை தலைவர் என்னோடு கதைக்கவில்லை. வெட்டியும் மிஞ்சிய தன் முழங்கையை மட்டும் தேநீர்க்கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார் என்று பொருளாளர் சொன்னார்.