இரைச்சலை மட்டும் கேட்டபோது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஜின், கண்ணூறு எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. என் தொழிலே சத்தம்தான். புத்தளத்தில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுவேன், மற்ற நாட்களில் கடையில் உட்கார்ந்து பழைய கசெட், இசைத்தட்டு எல்லாவற்றையும் கம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுப்பேன். கூரையில் ஜின் நடக்கிறது என்று யாராவது சொன்னால், அது வெயிலுக்குத் தகரம் விரிகிற சத்தம் என்று சொல்லிச் சிரிக்கிறவன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும், இவன் மச்சானை அடித்துவிட்டுக் கதை அளக்கிறான் என்றுதான் நினைத்திருப்பேன்.

என் வலது கையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சின்ன வயதில் முருங்கை மரத்தில் ஏறி, கொப்பு முறிந்து விழுந்தேன். முருங்கையில் ஏறினவன் விழத்தானே வேண்டும். தோள் எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது, அன்றிலிருந்து அந்தக் கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் எழும்பாது. தொழுகையில் தக்பீர் சொல்லும்போது மற்றவர்களுக்கு இரண்டு கையும் காது வரை போகும், எனக்கு இடது கை மட்டும் போகும், வலது கை பாதி வழியில் நின்றுவிடும். சட்டை போடுவதென்றால் என் மனைவி றிஸானாதான் அந்தக் கையைப் பிடித்து நுழைத்துவிடுவாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுக் காலை.

றிஸானாவின் தம்பி ஃபாஸிலுக்கு இசைத்தட்டுப் பைத்தியம். இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் தட்டு இல்லை, கிராமபோனில் வைத்துச் சாவி முறுக்கிப் போடுகிற கனத்த அரக்குத் தட்டு. முந்தல் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துப் பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு கிராமபோனும் சாக்கு நிறையத் தட்டுமாக வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு என் கடைக்கு வந்து இறங்கினான். வெயில் கொளுத்துகிற பகல் நேரம். இருட்டும் இல்லை, மழையும் இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் இதில் எப்போதும் சண்டைதான். ஒரு தட்டை வைத்தான், ஆர்மோனியத்தோடு ஓர் ஆண் குரல், ஏதோ பழைய நாடகப் பாட்டு, சட்டியில் பொரிகிற மாதிரி இரைச்சல்.

"மச்சான், இதுல பாடுறவன் ஆளாவே முன்னுக்கு வந்து நிக்கிறான். உங்கட கம்பியூட்டர்ல அவன்ட போட்டோதான் வரும்" என்றான்.

"முன்னுக்கு வாறது ஆள் இல்லடா, தூசி" என்றேன். "இதை ஆகப் பெரிய தரத்துல எடுத்து, பொரியிறதெல்லாம் கழிச்சிட்டுத் தாறேன். அப்ப கேளு, பாடுறவன் எச்சி முழுங்குறதும் கேக்கும்."

"அந்தத் தட்டுல ஈக்கிறதே ஒரு கோப்பைத் தண்ணி. அதை அள்ள நீங்க தண்ணி லொறி, பவுசரையே கொண்டு வாறீங்க."

சிரித்தோம். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு நடந்ததைக் கோபத்தில் செய்ததாகத்தான் நினைப்பீர்கள். எனக்குக் கோபமே இல்லை. நான் ஜெயிக்கப் போகிறேன் என்று தெரிந்திருந்தது, அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

பாட்டைக் கம்பியூட்டரில் ஏற்றினேன். பொரிகிற இரைச்சலைக் கழிக்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பொத்தானை அமத்தினால் பாட்டை விட்டுவிட்டு, கழித்தெடுத்த குப்பையை மட்டும் போட்டுக் காட்டும். குப்பையோடு பாட்டும் வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பதற்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை அமத்தினேன். ஃபாஸில் எனக்கு முதுகைக் காட்டி நிலத்தில் குந்தி, முக்காலியில் இருந்த கிராமபோனில் அதே தட்டை மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தட்டில் வெடிப்பு இருந்தால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம், ஒரே சீராக டிக் டிக் என்று அடிக்கும். இதில் அப்படி அடிக்கவில்லை. ஓர் அடி, கொஞ்சம் இடைவெளி, ஓர் அடி, பிறகு வேகமாக நாலைந்து, பிறகு சோர்ந்து மெதுவாக. தட்டு சுற்றும் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கை வலித்த ஒருவன் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்குகிற மாதிரி இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். காற்றைக் கிழித்துக்கொண்டு ஒன்று வருவதும், அது ஈரமான எதிலோ போய் விழுவதும் தெளிவாகக் கேட்டது. மனித முதுகில் விழுகிற திருக்கை வால். எங்கள் பக்கத்தில் அந்த மீன்வாலைக் காயவைத்துச் சாட்டையாக வைத்திருப்பார்கள், குர்ஆன் ஓதப் போன பள்ளிக்கூடத்தில் அதன் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அடி வாங்குகிறவனின் குரல் மட்டும் இல்லவே இல்லை. அடிக்கிறவன் மூக்கால் விடுகிற மூச்சு மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது, பிறகு பார்த்தால் அது என் மூச்சு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்தேன், செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மைக் வயர் இரண்டாக மடித்து என் வலது கையில் இருந்தது. அந்தக் கை தலைக்கு மேலே போனது. முருங்கையிலிருந்து விழுந்த நாளிலிருந்து போகாத இடத்துக்கு, வலியில்லாமல், எண்ணெய் போட்ட கதவுப் பிணைச்சல் மாதிரிப் போனது. ஹெட்போனில் அடி விழுந்த அதே நொடியில் ஃபாஸிலின் முதுகிலும் அடி விழுந்தது. வெள்ளை ஜுப்பா கிழிந்தது, கிழிசலுக்குள் சிவப்பாகத் தோல் பிரிந்தது. அவன் திரும்பினான், முகத்தில் விழுந்தது. வாய் திறந்து மூடுவது தெரிகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்து, நிறுத்து என்று எனக்கு நானே சொல்கிறேன், கை கேட்கவில்லை. ஹெட்போனில் அடிக்கிறவன் ஓய்ந்தபோது என் கையும் ஓய்ந்து தொங்கியது, அவன் தொடங்கியபோது என் கையும் தொடங்கியது. அந்த ஓய்வில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும், அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஃபாஸில் தவழ்ந்துபோய் மேசைக் காலைப் பிடித்தபோது ஹெட்போன் வயர் அவன் கையில் சிக்கிக் கழன்றது. சத்தம் நின்றது, கை பொத்தென்று விழுந்தது. கிராமபோனும் அவன்மேல் சரிந்து தட்டு ஓடு ஓடாக உடைந்தது. உடைந்த துண்டுகளைப் பிறகு விரலால் தடவிப் பார்த்தேன், அப்படிச் சத்தம் வர ஒன்றில்கூடப் பழைய கீறல் இல்லை.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நிஸாம் நானா அப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குச் சொந்த ஊர் முந்தல். ஒரு சுவர்தான் நடுவில், ஆனாலும் சண்டைச் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை, கிராமபோன் சரிந்துதான் ஃபாஸிலுக்கு அடிபட்டது என்று நினைத்தார்.

"நல்ல பாட்டா போய்க்கொண்டிருந்திச்சே" என்றார். "கடைசில அவன் அழுறாப்போலயே பாடினானே, அதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

கிராமபோன் பெட்டி எங்கே வாங்கியது என்று சொன்னதும் அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பங்களாவா. கொப்பறா களவெடுத்தான் என்டு யாரையாவது தென்னையில கட்டினா, முதலாளி முதல்ல பாட்டைத்தான் போடுவாராம். அங்க பாட்டுக் கேட்டா ரோட்டால போறவங்க தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போவாங்க என்டு எங்கட வாப்பா சொல்லுவார்."

சரி, அடித்திருப்பார்கள், நம்புகிறேன். ஆனால் கிராமபோன் பாடத்தான் செய்யும், அதற்குக் கேட்கத் தெரியாது. எங்கோ தொலைவில் அச்சடித்த தட்டுக்குள் முந்தலில் விழுந்த அடி எப்படிப் போனது? கம்பியூட்டரில் இருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன். காட்டு என்று நீங்கள் கேட்டால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஃபாஸில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னான், அக்காவின் குடும்பம் கெடக்கூடாது என்று. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, என் முன்னாலேயே, அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னான்.

"எந்தக் கையால அடிச்சார்?" என்று றிஸானா கேட்டாள்.

"வலது கையால, ராத்தா. தலைக்கு மேல தூக்கித் தூக்கி அடிச்சார்."

அவள் என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "அந்தக் கையால அவருக்குத் தலை சீவக்கூட ஏலா. யார்ட்டயோ அடி வாங்கிட்டு வந்து என்ட மாப்பிள்ளைய ஏன்டா சொல்றாய்?" என்று தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொன்னாள். கன்னத்தில் தையலோடு அவன் என்னைப் பார்த்துக்கொண்டே படி இறங்கினான். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் எனக்கு அவள் இல்லை. இன்றுவரை அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பெருநாளுக்கும் அவன் வரவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் வெயிலில் மூளை குழம்பியது என்று வைத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் இமாம் தக்பீர் சொன்னார். என் வலது கை காது வரைக்கும் போனது. நான் நினைப்பதற்கு முன்னமே போனது. அதிலிருந்து ஆட்கள் முன்னால் அந்தக் கையை நெஞ்சோடு ஒட்டியே வைத்துக்கொள்கிறேன். காலையில் றிஸானா பழையபடி சட்டைக் கையை நுழைத்துவிடுகிறாள், நானும் முகத்தைச் சுளித்து வலிக்கிற மாதிரி நடிக்கிறேன்.

போன கிழமை அவள் குசினியில் பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று ஏதோ கதைத்துக்கொண்டிருந்தேன். கொதித்த எண்ணெயில் கடுகைப் போட்டாள், அது படபடவென்று வெடித்தது, ஒன்று, கொஞ்சம் பொறுத்து ஒன்று, பிறகு வேகமாக நாலைந்து. என் கதை பாதியில் நின்றது. பார்த்தால் என் வலது கை தலைக்கு மேலே நிற்கிறது, அதற்குக் கீழே அவளுடைய முதுகு. இடது கையால் பிடித்து இழுத்தேன், இறங்கவில்லை. கடுகு அடங்கியபிறகுதான் இறங்கியது.

அவள் திரும்பிப் பார்க்காமலே, "அந்த உப்புப் போத்தல எடுத்துத் தாங்க" என்றாள். இடது கையால் எடுத்துக் கொடுத்தேன்.