ஜீப்புக்குள் ஒரு மருந்துக்கடை

மாமாவின் ஜீப்பில் டேஷ்போர்டுப் பெட்டிக்கு மூடி உண்டு. ஆனால் அது ஒரு நாளும் மூடியபடி இருந்ததில்லை. கம்பம்மெட்டு மலைச்சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பொத்தென்று திறந்து முன்சீட்டில் இருப்பவரின் முழங்காலில் விழும். அங்கே உட்காருகிறவர்தான் முழங்காலால் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பள்ளி விடுமுறையில் அவரோடு மலைக்குப் போகும்போதெல்லாம் அந்த வேலை எனக்குத்தான். மூடியை மாற்றக்கூடாதா மாமா என்று கேட்டால், "அதுக்குத்தான ஆத்தா ஒன்னய முன்னால உக்கார வச்சிருக்கேன்" என்பார். பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவர், வீரபாண்டி கோயில் திருநீற்றுப் பொட்டலம், பீடிக்கட்டு. மிச்ச இடமெல்லாம் மாத்திரைகள். அட்டையோடு அல்ல, கத்தரிக்கோலால் ஒன்றும் இரண்டுமாக நறுக்கியவை. நறுக்கிய நறுக்கில் மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போயிருக்கும். எது எதற்கு என்பது மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் நிறத்தை வைத்துத்தான் தெரியும்.

மாமா என் அம்மாவின் தம்பி. உத்தமபாளையத்திலிருந்து விடியும் முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் எண்ணியதில்லை, போலீஸ்காரர்களும் எண்ணியதில்லை. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் தினமும் இருமுவார், யாருக்காவது மேல் கொதிக்கும். கோம்பையிலிருந்து ஏறும் அக்கா ஒருத்தி, அப்போது கல்யாணமான புதிது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "டிரைவரண்ணே, ஒடம்பெல்லாம் முறிக்குது, ஒரு செட்டு குடுங்கண்ணே" என்பாள். செட்டு என்றால் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, நடுவில் சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூல். அந்தக் கேப்சூல்தான் ஆன்டிபயாடிக். மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்டியைத் துழாவி எடுத்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். தெரிந்த மெடிக்கல் கடையில் தன் செலவில் வாங்கி நிரப்பி வைப்பார். ஊரில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர், கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிற்பாடு நான் நர்ஸ் படித்துத் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். சில வருடங்களில் தொற்றுத் தடுப்பு என்ற பிரிவை என் தலையில் கட்டினார்கள். டாக்டர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதும், தேவையில்லாமல் யாருக்காவது ஆன்டிபயாடிக் போகிறதா என்று கேட்பதும், இரண்டுக்காகவும் எல்லாரிடமும் திட்டு வாங்குவதும்தான் அங்கே வேலை. அதே பாட்டை மாமாவிடமும் பாடினேன். சாதாரணச் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதை இந்தக் கேப்சூல் ஒன்றும் செய்யாது, தானாகவே இறங்கிவிடும் என்றேன். உடம்பிலிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மருந்துக்குப் பழகிப்போகும், நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது அது வேலை செய்யாது என்றேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் சரித்தா. அந்தப் புள்ள இன்னைக்குக் காய் எடுக்கப் போகலைன்னா கூலி போச்சு. அத ஒங்க ஆஸ்பத்திரி குடுக்குமா?" என்றார். கேட்டது நியாயம்தான். எரிச்சலெல்லாம் அங்கேதான். முட்டாள்தனமாகப் பேசுகிற ஆளை உதறிவிட்டுப் போய்விடலாம். பாதி நியாயத்தோடு பேசுகிறவரிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியிருக்கிறது.

அவர் செருப்புப் போட்டு ஓட்டமாட்டார். வெறுங்காலாக இருந்தால்தான் கிளட்ச் பிடிபடுமாம். பழைய ஜீப்பில் இன்ஜின் சூடெல்லாம் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் தகட்டில் இறங்கும். இடது கால் எப்போதும் அங்கேதான். சர்க்கரை நோய் வந்து வருடக்கணக்காகி, பாதத்தில் உணர்ச்சியே மரத்துப்போயிருந்தது. உள்ளங்கால் வெந்து கொப்புளித்தது அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்த பிறகாவது என்னிடம் சொன்னாரா? பெட்டி இருக்கும்போது நான் எதற்கு? சிவப்புக் கேப்சூலில் ஆரம்பித்து, புண் கொஞ்சம் காய்ந்ததும் நிறுத்தி, மறுபடி சீழ் வைத்ததும் மஞ்சளுக்கு மாறி, அதையும் பாதியில் விட்டு, வெள்ளைக்குப் போயிருக்கிறார். விரல் கறுத்து நாற்றமெடுத்த பிறகுதான் அத்தை எனக்குப் போன் செய்து அழுதாள்.

எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்து சேர்த்தோம். புண்ணிலிருந்து சதை எடுத்துக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, அதை எந்த மருந்து கொல்லும் என்று சொல்லும் சோதனை அது. பதில் வந்தபோது, வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக உதவாது என்றே இருந்தது. எங்கள் டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். மாமா கொஞ்சம் பெருமையாகவே, "எல்லாந்தாம்மா" என்றார். வேறு வழியில்லாத நேரத்துக்கென்று கட்டிக்காத்து வைத்திருக்கும் மருந்து ஒன்றைத் தொடங்கினார்கள். கறுத்த விரலையும் அழுகிய சதையையும் எடுத்தார்கள். பாதத்தையே எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, மாமா உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இடது காலுத்தா. கிளட்ச் மிதிக்க ஆகுமா, கேட்டுச் சொல்லு" என்றார். ஜீப் போனால் அந்த வீட்டில் வேறு வருமானமில்லை. எத்தனையோ பேரிடம் கறாராகப் பேசும் நான் அன்றைக்கு அவரைத் திட்டவேண்டும் என்று வந்தவள், பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மருந்து கேட்டது. புண் சிவந்து, சதை வளரத் தொடங்கியது. பாதம் தப்பியது. அதே மருந்தை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பி, மறுபடி வரவைத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அப்போது பிடித்தது பாருங்கள் சண்டை. ஆயுளில் ஒரு மருந்தையும் முழுசாகச் சாப்பிடாத மனிதர், நிறுத்தமாட்டேன் என்று நின்றார். "இம்புட்டுத்தானா? காசு வேணும்னா குடுக்கறேன், இன்னும் கொஞ்ச நாளைக்குச் சேத்து எழுதச் சொல்லு" என்றார். நான் விளக்கினேன். இப்போது வரும் ஆராய்ச்சிகளில், நிறையத் தொற்றுகளுக்கு நீண்ட நாள் கொடுப்பதும் குறைந்த நாள் கொடுப்பதும் ஒரே பலனைத்தான் தருகின்றன என்று கண்டிருக்கிறார்கள். தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு மாத்திரையும் மிச்சமிருக்கும் கிருமிகளுக்குப் பாடம் எடுப்பது மாதிரி. காசநோய் போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது, எதற்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், நாமாக இல்லை என்றேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏத்தா, நீதான ஆஸ்பத்திரிச் செவுத்துல எழுதி ஒட்டியிருந்த, மருந்தைப் பாதியில நிறுத்தாதீகன்னு? இப்ப நீயே நிறுத்துங்கற. அப்ப நான் இம்புட்டு நாளும் பாதியில நிறுத்துனது சரித்தானே?" என்றார்.

அந்தச் சுவரொட்டியை ஒட்டியது நான்தான். சொல்லித்தந்ததைத்தான் ஒட்டினேன். ஆராய்ச்சி ஒரு படி முன்னால் போகும்போது, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் முன்னால் நிற்பது எங்களைப் போன்றவர்கள். கண்டுபிடித்தவர்கள் யாரும் உத்தமபாளையத்து ஜீப் டிரைவருக்குப் பதில் சொல்ல வருவதில்லை. டாக்டர் கணக்குப் பார்த்து நிறுத்துவதும், காய்ச்சல் விட்டது என்று நாமே தூக்கிப் போடுவதும் ஒன்றில்லை என்று தொண்டை வறள வறளச் சொன்னேன். ஜெயித்துவிட்ட களையோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வழியாக ஒப்புக்கொண்டார். மீந்த மாத்திரைகளை மருத்துவமனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைக்காதீர்கள் என்றேன். மறுவாரம் கேட்டபோது, "அப்பவே குடுத்தாச்சு" என்றார். அத்தை அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஒரு விரல் குறைந்த காலோடு அவர் மறுபடி ஜீப் ஓட்டினார். இந்தத் தடவை செருப்புப் போட்டுக்கொண்டு. கிளட்ச் பிடிபடத்தான் செய்தது. இரண்டு ஏலக்காய்ப் பருவம் அப்படி ஓட்டினார். போன மாசி மாதம், வண்டியை நிறுத்திவிட்டு வந்து படுத்தவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். காலைக் காப்பாற்றினோம், ஆளைக் காப்பாற்ற முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜீப்பை விற்பதென்று முடிவானது. உள்ளே இருக்கும் சாமான்களை எடுத்துவரச் சொல்லி அத்தை சாவியை என்னிடம் கொடுத்தாள்.

பழக்கதோஷத்தில் முன்சீட்டில்தான் ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் மூடி பொத்தென்று முழங்காலில் விழுந்தது. அதே ஸ்க்ரூ டிரைவர், அதே பீடிக்கட்டு, அதே துண்டு மாத்திரைகள். திருநீற்றுப் பொட்டலத்துக்குள் பத்திரமாகச் சுற்றி ஓர் அட்டை இருந்தது. அந்தப் பெட்டியிலேயே நறுக்காமல் முழுசாக இருந்த ஒரே அட்டை அதுதான். பெரிய, வெள்ளை மாத்திரை. அவர் காலைக் காப்பாற்றிய அதே மருந்து. ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் குழிகளும் காலியாக இருந்தன. யாருக்குக் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார்?

அந்த நேரம் பார்த்துத் துக்கம் கேட்க வந்த கோம்பை அக்கா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. "அண்ணே போனதுல இருந்து மலைக்குப் போகவே மனசு வரல ஆத்தா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கண் என் கையிலிருந்த அட்டையில் நின்றது.

"இதானே அந்தப் பெரிய மாத்திரை! நல்ல மருந்து ஆத்தா. அண்ணேதான், என் உசுரையே காப்பாத்துன மருந்து இது, மத்ததோட கலக்காதீகன்னு சொல்லித் தனியா எடுத்துக் குடுப்பாக."

"ஒங்களுக்கு எதுக்குக்கா குடுத்தாக?"

"தலவலிக்கு" என்றாள். "எனக்கு மட்டுமா? மலையேறும்போது எங்க எல்லாருக்கும் தலவலி வருமே, அதுக்குத்தான். மிச்சம் கெடக்கா?"

என் வாயில் வந்த அத்தனையும் அவளுக்கானதில்லை. யாருக்கானதோ, அவர் அந்த டிரைவர் சீட்டில் இல்லை. இல்லைக்கா, தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி நடக்கும்வரை மூடியை முழங்காலால் முட்டுக் கொடுத்து மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.