ஹப்ஸா டீச்சர் தங்கையைக் குளிப்பாட்டியது

காத்தான்குடி ஹப்ஸா டீச்சருக்கு இரண்டு வேலை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பது ஒன்று. அதற்குச் சம்பளம் உண்டு. இறந்த பெண்களின் ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது மற்றது. அதற்கு நன்மை மட்டும்தான். காலையில் உயிர்க்கலத்துக்குள் நடப்பதையெல்லாம் விளக்குகிறவர், பின்னேரம் அதெல்லாம் நின்றுபோன உடம்புக்குத் தண்ணீர் வார்ப்பார். இரண்டையும் ஒருநாளும் கலந்ததில்லை. கலந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் மிரண்டுவிடுவார்கள் என்பது அவருடைய கணிப்பு.

அகமுதலுருச் சிறுவலைதான் அவருக்குப் பிடித்த பாடம். கருவின் உறையோடு தொடர்ந்து, மடிப்புகளாகவும் குழாய்களாகவும் கலமெங்கும் ஓடுகிற சவ்வு அது. இறைபோசோம்கள் ஒட்டியிருக்கும் பகுதி புரதத்தைச் செய்து, ஒழுங்காக மடித்து, பிழையானதை மறித்துவைத்து, சரியானதை அனுப்பும். ஒட்டாத பகுதி கொழுப்பு வகைகளைச் செய்யும், ஈரலில் நஞ்சை முறிக்கும், தசையில் கல்சியத்தைப் பூட்டிவைக்கும். நரம்பு கட்டளையிட்டால் கல்சியம் வெளியே பாயும், தசை சுருங்கும். அதைத் திரும்ப உள்ளே இறைத்தால்தான் தசை தளரும். இறைப்பதற்குச் சக்தி வேண்டும்.

"இழுக்கிறத்துக்கு மட்டுமில்ல புள்ளையள், விடுறத்துக்கும் சக்தி வேணும்" என்று வருடா வருடம் சொல்வார். வருடா வருடம் பாதி வகுப்பு அதைத் தலைகீழாக எழுதிவைக்கும்.

போன பங்குனியில் ஒருநாள், பாடசாலையில் இருக்கும்போதே செய்தி வந்தது. ஏறாவூரில் தங்கை றம்லா மௌத்து. அவளுடைய கணவர் சாலிஹ் விடியச் சுபஹு தொழுதுவிட்டு ஓட்டமாவடிச் சந்தைக்குப் போயிருக்கிறார். நண்பகல் லுஹருக்குத் திரும்பி வந்தால், றம்லா பாயில் ஒருக்களித்து, முழங்கால் இரண்டும் நெஞ்சோடு சேரக் கிடந்திருக்கிறாள். உடம்பு எப்போதோ குளிர்ந்துவிட்டது.

உயிர் போன கையோடு யாராவது பக்கத்தில் இருந்தால் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கைகாலை மடக்கி நீட்டி விடுவார்கள். ஊரில் எத்தனையோ பேருக்கு அதைச் செய்தவரின் தங்கைக்கு, அதைச் செய்ய ஆளில்லை.

ஹப்ஸா வந்து சேர்ந்தபோது, ஏறாவூரில் குளிப்பாட்டுகிற பல்கீஸ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நீங்க தலமாட்டுல பிடிங்க. நான் முழங்கால அமத்துறன். ரெண்டு அமத்துல நீண்டுரும்."

"தொடாத, பல்கீஸ்."

"தொடாம எப்பிடிக் குளிப்பாட்டுற? எங்கட மாமியும் இப்பிடித்தான் கிடந்த. ஒரு சத்தம் கேட்டிச்சு, பிறகு நேராயிட்டு."

"அந்தச் சத்தத்த என்னால கேக்க ஏலா."

ஹப்ஸா முன்வாசலுக்குப் போய் சாலிஹைக் கூப்பிட்டார். "நாளைக்குச் சுபஹு வரைக்கும் பொறுப்பமா? தசைக்குள்ள வெளிய வந்த கல்சியம் திரும்ப ஏற வழியில்லாமக் கிடக்கு. அதான் இறுகியிருக்கு. ஒரு ராப்போனா தானா இளகும்."

சாலிஹின் கண் சிவந்திருந்தது. "மதினி, பின்னேரம் அஸரோட எடுக்கிறதெண்டு பள்ளியில சொல்லியாச்சு. கத்தார்ல இருந்து இஷாம் அழுறான், 'நான் வரமட்டும் வைங்க வாப்பா' எண்டு. அவனுக்கே ஏலா எண்டு சொல்லிப்போட்டன். பெத்த புள்ளைக்குக் குடுக்காத தவணைய நான் கல்சியத்துக்குக் குடுக்கவா?"

வெளிநாட்டு மகனுக்காகக் காத்திருக்கக் கேட்ட வீடுகளில், ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்று அதட்டியவர் ஹப்ஸாதான்.

உள்ளே போய், இலந்தை இலை போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரை முழங்காலில் வார்த்து வார்த்துத் தேய்த்தார். விரல் கொஞ்சம் அசைந்தது. முழங்கால் அசையவில்லை. பல்கீஸ் தண்ணீர் அள்ளிக் கொடுத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காணும், விடு பல்கீஸ். இப்பிடியே குளிப்பாட்டுவம்."

"வளஞ்சபடி கபனிடவா, டீச்சர்? சனம் என்ன கதைக்கும்?"

"சின்னனிலயும் இவ இறால் மாதிரித்தான் படுப்பா. கேக்கிற சனத்துக்கிட்ட அதச் சொல்லு."

பல்கீஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகி, ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் றம்லாவை இருந்தபடியே கழுவி, இருந்தபடியே வெள்ளைத் துணியால் சுற்றினார்கள். கபுறுக் குழியை அகட்டி வெட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பியதும், மணல் சரியும் என்று வெட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்களாம். சாலிஹே போய் நின்று வெட்டுவித்தார்.

ஆண்கள் அடக்கிவிட்டு வந்தபோது ஹப்ஸா நனைந்த உடுப்போடுதான் இருந்தார். கல்சியம் இனி எந்த அறைக்கும் திரும்பப் போவதில்லை. தசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரதமே சிதைந்து, பிடி விடும். அநேகமாக நாளை விடியும்போது. தளர்ந்த கால் தானாக நீளாது, மடிந்தபடியே கிடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். வகுப்பில் யாராவது வேறுவிதமாக எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார்.

"சாலிஹ், காலடியில இடம் விட்டிருக்கா?"

"ஏன் மதினி?"

"நாளைக்கு நீட்டுவா."

சாலிஹ் கபுறுக்குள் இறங்கித் தலைப்பக்கம் பிடித்தவர். காலடியை அவர் பார்க்கவே இல்லை.

"ஓம் மதினி," என்றார். "நிறைய இடம் கிடக்கு."