தவமணியின் காலில் சப்பாத்து

கண்டி டவுனில் நடேசன் முதலாளியின் டீ சேட் அச்சுக் கடையில் வேலை செய்யும் தவமணி, ஒரு காலத்தில் மாகாணத்திலேயே வேகமான நூறு மீட்டர் ஓட்டக்காரி. ஹந்தானைத் தேயிலை மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கிப் பழகிய கால் அவளுக்கு. அப்படியேதான் ஓடினாள், ஜெயித்தாள்.

பழைய ஓட்டக்காரர் சங்கம் ஒன்று, குறுந்தூர ஓட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் தடித்த பருத்தி டீ சேட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அதன் முதுகுப் பக்கப் படத்தில் காலத்துக்கு ஒருவராக ஓட்டக்காரர்கள் ஓடுகிறார்கள். கடைசி ஆள் தவமணி. ஆசையாகப் பார்த்தவளுக்குப் படத்தில் தன் காலைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

“மொதலாளி, எனக்கு எதுக்குச் சப்பாத்து வரைஞ்சிருக்கீங்க?”

“வெறுங்கால்னா வறுமையா தெரியும்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. ஒனக்கு மரியாதைதானே புள்ள.”

“வாங்க வக்கில்லாமயா ஓடுனேன்? ஸ்கூல்ல புதுசே குடுத்தாங்க. கால் வழுக்குதுன்னு நான்தான் கழட்டி வீசினேன்.”

“அதையெல்லாம் டீ சேட்டுல எழுத முடியுமா? அச்சடிக்கிற ஸ்கிரீனும் செஞ்சாச்சு. நாளைக்கு எடுக்க வருவாங்க.”

சங்கத்துக்குப் போன் போட்டாள். “அக்கா, காலை யாரு உத்துப் பாக்கப்போறா?” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் மையை எடுத்தாள். தடித்த துணியில், ஸ்கிரீன் மேல் மையை ஒரு தரம் இழுத்தால் பிடிக்காது. ஒவ்வொரு டீ சேட்டிலும் தன் காலுக்குத் தானே இரண்டு தரம் சப்பாத்து மாட்டினாள்.

“ஒனக்கும் ஒண்ணு எடுத்துக்க” என்றார் முதலாளி.

“அது நான் இல்லீங்க” என்றாள் தவமணி.