கருப்பு மணல் மேட்டில் ஆதிகேசவன்

ஆதிகேசவனை எனக்குப் பிடிக்காது. இந்த 2006 பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் பிடிக்காமல் போனது. அதற்கு முன்னால் நல்லவன்.

பொதட்டூர்பேட்டைக்காரன். யாரைப் பார்த்தாலும் ‘நைனா’ என்பான். சூப்பர்வைசர் பச்சையப்பனையும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரெசின் என்கிற ரசாயனப் பிசின் வைக்கும் ஒரு குடோனில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் நிழலில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவேன். அவன் இரும்பு டிரம்களை லாரிக்கும் குடோனுக்கும் நடுவே நகர்த்துவான். ஒருநாள் அவன் டிபன் பாக்ஸில் தவளை வைத்தேன். அதை எடுத்துப் புல்லில் விட்டான், கையைக் கழுவினான், சோற்றைத் தின்றான். என்னை வேண்டாம், அந்தத் தவளையையாவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வினையை ஆரம்பித்தது குப்புராஜ் டீக்கடை டிவி. ஒரு வெள்ளைக்காரன் பலகைமேல் நின்று பனிமலையில் சறுக்கி வந்தான். வந்த வேகத்திலேயே உடம்பை முன்நுனிக்குச் சாய்த்துப் பின்நுனியைத் தூக்கினான். பலகை ஒரு முழுச் சுற்று சுற்றியது. அவன் ஒன்றுமே நடக்காததுபோலப் போய்க்கொண்டிருந்தான். அதற்கு ‘பட்டர்’ என்று பெயராம். ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோலப் பனியைத் தடவிவிட்டுப் போவதாலாம்.

“இத நான் பண்றேன் பாரு,” என்றேன்.

“கும்முடிப்பூண்டில பனி எங்கடா கீது, அந்தோணி?” என்றார் குப்புராஜ். “என் ஃப்ரிட்ஜ்லயே ஐஸ் கட்ட மாட்டேங்குது.”

பனி இல்லை. ஆனால் இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றும் வார்ப்படக் கம்பெனிக்குப் பின்னால், அச்சு உடைத்துக் கொட்டிய கருகிய மணல் ஒரு சின்ன மலையாகவே நிற்கிறது. மாவு மாதிரி வழுக்கும். நடுநடுவே இரும்புத் துணுக்கும் ஆணியும் கிடக்கும், அவ்வளவுதான். பலகைக்கு ஒரு காலி நீல பிளாஸ்டிக் டிரம்மின் சுற்றுச்சுவரிலிருந்து வட்டவாக்கில் ஒரு பட்டையை அறுத்தேன். நடுப்பகுதியில் கொதிநீர் ஊற்றிக் கல் ஏற்றித் தட்டையாக்கினேன்; நுனிகள் இரண்டும் தாமாகவே மேல்நோக்கி வளைந்து நின்றன. அடியில் தேய்க்க மாதா கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகள். கால் கட்ட சைக்கிள் டியூப்.

சறுக்க வந்துவிட்டது. சுற்ற வரவில்லை. ஞாயிறுதோறும் விழுந்தேன். வேடிக்கை பார்க்கச் சின்னப் பிள்ளைகள் பொரி வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு ஷைனியும் வந்தாள். நான் விழுந்து எழுந்தால் முகம் கரி பூசியதுபோல இருக்கும். அவள் சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவன் வந்தான். “நைனா, ஒரு தபா நான் ஏறிப் பாக்கட்டா?”

அவன் விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் கொடுத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினான். முதல் தடவை விழுந்தான். தயாராக வைத்திருந்த சிரிப்பை எல்லாம் சிரித்துத் தீர்த்தேன். இரண்டாம் தடவை பாதி மேட்டில் சற்றே சாய்ந்தான். நீலப் பலகை ஒரு முழுச் சுற்று சுற்றியது. அவன் ஒன்றுமே நடக்காததுபோலக் கீழே போய் நின்றான்.

“இன்னொரு தபா! இன்னொரு தபா!” ஷைனி எகிறிக் குதித்தாள். என் பலகை. என் மெழுகு. கைதட்டல் மட்டும் அவனுக்கு.

“எப்டிடா பண்ண?”

“தெர்ல நைனா. சாஞ்சேன். சுத்திச்சி.”

பொய் சொல்கிறான் என்றே நினைத்தேன். மறுநாள் வேலையில் அவனையே பார்த்துக்கொண்டு எல்லா லேபிளையும் கோணலாக ஒட்டினேன். அவன் ஒரு டிரம்மைச் சாய்த்தான். அடி விளிம்பில் ஒரு புள்ளி மட்டும் தரையைத் தொட்டது. முட்டியை மடக்கி, இடுப்பால் திரும்பினான். கை சும்மா மேலே பட்டதோடு சரி. ரெசின் நிறைந்த டிரம் அவனோடு சேர்ந்து சுற்றிச் சுற்றிப் போனது.

அடப்பாவி! இதைத்தான் பலகையில் செய்தானா? தினமும் என் கண்ணெதிரே செய்ததை, நான் நிழலில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டே தவறவிட்டிருக்கிறேன்.

நேராகப் பச்சையப்பனிடம் போனேன். “சார், என்னை டிரம்முக்குப் போடுங்க.”

அவர் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். மேஜை டிராயரை மெதுவாகத் திறந்து பார்த்தார். “எங்கடா வச்சிகீற?”

“இன்னாது சார்?”

“பட்டாசு.”

“சத்தியமா வேலதான் சார் கேக்கறேன்.”

“அதான்டா பயமா கீது,” என்றார். இருந்தும் போட்டார்.

நான் சாய்த்த முதல் டிரம் என்னைச் சாய்த்தது. காலில் விழ வேண்டியது; எங்கிருந்தோ ஆதிகேசவன் ஒரு கட்டையை உதைத்து அடியில் தள்ளினான். அப்போதுதான் அவன் காலைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரலில் நகமே இல்லை. பக்கத்து விரல் தட்டையாகக் கிடந்தது.

“ஏன் நைனா இங்க வந்த? நெழல்ல நல்லாத்தான இருந்த?”

உன்னை ஜெயிக்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

வெயில் ஏறி சித்திரை வந்தது. போன ஞாயிறு எனக்குப் பாதிச் சுற்று வந்தது. முதுகுப்பக்கமாகவே சறுக்கிப் போய்ப் பொரிப் பிள்ளைகள் நடுவில் விழுந்தேன். “வந்துச்சி நைனா! வந்துச்சி!” என்று ஆதிகேசவன் மேட்டிலிருந்து ஓடி வந்தான். அவன் முகத்தில் இம்மிகூடப் பொறாமை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தன் நம்மைப் போட்டிக்காரனாகக்கூட மதிக்கவில்லையென்றால் என்ன செய்வது?

எழுதி வைக்க இன்னொன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் மற்றவர்கள் வருவதற்கு முன்னால், நான் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, மேடு முழுக்க இழுத்துவிட்டு வருகிறேன். கை நிறைய ஆணி வருகிறது. கம்பெனிக்காரர்கள் சுத்தம் செய்வதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும். வெறுங்காலில் ஏறுகிற பயல். இருக்கிற விரல்களிலும் ஆணி ஏறி அவன் படுத்துக்கொண்டால், அப்புறம் நான் யாரை ஜெயிப்பது?